முப்பதாவது காலடி

காலிப் பெட்டி இன்னும் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

புதன்கிழமை அக்கா வந்து இறங்கியபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்று அவளுடையது, வயிறு முட்ட அடைத்திருந்தது. இன்னொன்றைப் பாரமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியவர்கள் கை விருட்டென்று மேலே போனது. உள்ளே ஒன்றுமில்லை. யாருக்கு இது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். எதிராளி முதலில் வாயைத் திறக்கட்டும் என்று மூன்று நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

பாப்பா மட்டும் முதல் நாளே திறந்து பார்த்தாள். “இதுல ஒண்ணுமே இல்லையே” என்று சொல்லி மூடிவிட்டாள்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்று. வீட்டில் கடைசியாகப் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரிலிருந்து விடுதலை கிடையாது. டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் அலமாரியில் எங்கோ இருக்கிறது. அவள் எண்ணினால் தப்பாது என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. அண்ணனின் திரைச்சீலைக் கடையில் வளையங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பாக்கெட்டில் போடுவது அவள் வேலை. வருகிற மூட்டையில் ஒரு வளையம் குறைந்தால் அன்றைக்கு அனுப்பியவர் பாடு திண்டாட்டம்தான்.

பேரம் கடைசியில் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் திறந்தது. முதலில் வாயைத் திறந்தவள் அக்கா. மருந்துக்கடை வைத்திருப்பவள், எதையும் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்துத்தான் பேசுவாள். இது பின்.

“நீ கடையும் பாக்கற, டீமையும் பாக்கற. அவளை யாருடா பாக்கறது? என் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயாச்சு. அவ ரூம் சும்மா கிடக்கு. பாப்பா என்னோட வரட்டும்.”

“அவளை யாரும் பாக்க வேண்டாம்க்கா. எல்லாம் அவளே செஞ்சுக்கறா.”

“எதுக்கெடுத்தாலும் பக்கத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கணும். நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்.”

“நாளைக்கு எங்க டீமுக்கு பேஸ்பால் மேட்ச். பாப்பாவும் ஆடறா. வந்து பாரு.”

“பாக்கறேன். மூணு சுத்து ஓடட்டும். தனியா.”

“ஒரு பேஸ்.”

“ரெண்டு சுத்து.”

“ஒரு பேஸ். வேணும்னா இன்னொரு அரை.”

“அரைன்னா எங்கடா நிப்பா? நடு வழியிலயா?”

கடைசியில் முழுதாக ஒரு சுற்று என்று படிந்தது. துணைக்கு ஆள் கூடாது. அவள் பேட்டைக் கையில் எடுத்த பிறகு அண்ணன் கூப்பிடக் கூடாது, சைகை காட்டக் கூடாது, கண்ணைக்கூட அசைக்கக் கூடாது. ஓடி முடித்தால் பெட்டி வந்தபடியே காலியாகத் திரும்பும். முடிக்காவிட்டால் நிரம்பும். பேச்சு பேச்சுதான்.

“துணியைக்கூடத் தொட்டுப் பாத்துட்டுத்தான் விலை பேசுவீங்க” என்றாள் அண்ணி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. “யாரைப் பத்திப் பேசறீங்களோ, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?”

பாப்பா கரண்டிகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை போலத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே சலவைக்குப் போட்டு வெளுத்த மாதிரி மூடுபனி. காரின் முன்விளக்கு இரண்டு வெள்ளைக் குச்சிகளை நீட்டியது. அவையும் பத்தடியில் கரைந்துபோயின. தெருவிளக்குகள் கம்பமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கின. சைக்கிளில் போன ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

அண்ணன் கண்ணுக்குப் பனியும் துணிதான். “வலைத்துணி. ரெட்டை மடிப்பு” என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. “அகலம் தாராளம். ஓரம்தான் யாரும் தைக்கலை.”

“வேணும்னா மேட்சை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்டா” என்றாள் அக்கா. “அப்பா மாதிரி நாலு விரல் கூட விட்டுத் தரேன், போ.”

அப்பாவின் ஜவுளிக்கடையில் அது சட்டம். துணியை அளந்து முடித்ததும் கத்தரியை நாலு விரல் தள்ளித்தான் வைப்பார். அளவு குறைந்தது என்று ஒருவர் படியேறி வந்துவிட்டால் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட வேண்டும் என்பார். திட்டுவதற்கு அந்த வீட்டில் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. ‘அளவு குறைச்சவன்’ என்ற ஒன்றை மட்டும் யாரும் யார் மேலும் எறிந்ததில்லை.

“நாலு விரல் கூட” என்று பின் சீட்டிலிருந்து பாப்பா சொன்னாள். கண்ணாடியில் விரலால் நாலு கோடு போட்டாள். கோடுகள் வழியாகப் பனி உள்ளே பார்த்தது.

“வேண்டாம்க்கா. இன்னிக்கே ஆகட்டும்” என்றான் அண்ணன்.

மைதானத்தில் நீலச் சட்டைகள் அங்கங்கே மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போனால்தான் சட்டைக்கு மேலே முகம் முளைத்தது. தன் சக்கர நாற்காலிக்கு ஹாரன் கட்டி வைத்திருக்கும் எக்ஸ்பிரஸ், பீப் பீப் என்று வழி கேட்டபடி வந்தாள். எந்நேரமும் ஒரே பாட்டை முனகிக்கொண்டிருக்கும் ரேடியோ ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தான். அவனுக்கு நாற்பது வயது. சுவிட்ச் எங்கே என்று அவன் அம்மாவுக்கே தெரியாது.

பேஸ்பால் பெரிய வித்தையில்லை. நாலு மூலை; நாலாவது மூலைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அங்கே நின்று பந்தை அடிக்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளிலும் பேஸ் என்று கிடக்கிற ஆரஞ்சு ரப்பர் பாய்களை மிதித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். சாவியை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வருகிறவர் மாதிரி இருக்கும். இந்த அணிகளுக்கென்று தனியாகச் சில சலுகைகள் உண்டு. பந்தைக் கம்பத்தின் தலையில் வைத்து அடிக்கலாம். யாரும் அவுட் கிடையாது. ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே ஓட ஒரு ஆள், துணைக்கால் என்பார்கள். ஆட்டம் எப்போதும் சமம். இரண்டு பக்கமும் லாபம் என்று முடிகிற ஒரு வியாபாரத்தை அண்ணன் கோச் ஆன பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

பாப்பாவின் துணைக்கால் அண்ணி. இன்று அவள் வேலியோரம் அக்காவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

அம்பயர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விசிலை ஊதினார். ரேடியோ அடித்தான், துணைக்காலோடு ஓடிப் பனிக்குள் காணாமல்போனான். முனகல் மட்டும் கேட்டது. வலது பக்கம் தேய்ந்து, தூரத்தில் நூலாகி, இடது பக்கத்தில் திரும்பவும் தடித்தது. எல்லோரும் அதைக் கேட்டபடி நின்றார்கள். யாரோ மைதானத்தைச் சுற்றி ஒரு பாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

வழக்கமாக அந்தப் பாட்டு இரண்டு தரம் முடிவதற்குள் ரேடியோ வந்துவிடுவான். இன்றைக்கு மூன்றாவது தரம் பாதியில் வந்தான், மேல்மூச்சு வாங்க.

எக்ஸ்பிரஸுக்கும் நேரமானது. பனியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான்.

“கோச் சார்!” எதிரணி கோச் பக்கத்தில் வந்து நின்றாள். பேக்கரிக்காரம்மா. விடிவதற்கு முன்பே மாவு பிசைந்துவிட்டு வருகிறவள். தலைமுடியில் இருந்தது பனியா மாவா என்று சொல்ல முடியவில்லை. “சீக்கிரமே வந்துட்டேன். பேஸ் மூணும் உள்ளே தள்ளிக் கிடந்துச்சு. யாராவது விளையாட்டா இழுத்துப் போட்டிருப்பாங்க. டேப் வெச்சு அறுபதடிக்கு அளந்து போட்டுட்டேன். நீங்க வேற எதுக்கு மெனக்கெடணும்?”

அண்ணன் பனிக்குள் பாய்கள் கிடக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

யாரும் விளையாட்டாக இழுத்துப் போடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு பாப்பா முதல்முதலாக ஓடியபோது, பாதியில் மூச்சு வாங்கி, புல்லில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் அண்ணன் மூன்று பாய்களையும் இழுத்து நாற்பத்தெட்டடியில் போட்டான். பாப்பா போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவன் பாய்களைத் திரும்ப நகர்த்தவே இல்லை. மற்றவர்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. வெளியூர் ஆட்டங்களுக்கு அவன் ஒப்புக்கொண்டதில்லை. வருகிற அணிகளும் பாய் எங்கே கிடக்கிறது என்று அளந்து பார்த்ததில்லை.

பாப்பாவுக்குத் தூரத்தில் இருப்பது வெயிலிலும் கலங்கல்தான். அவள் கண்ணை நம்பி ஓடுகிறவளில்லை. ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸுக்கு முப்பது காலடி. எண்ணித்தான் ஓடுவாள்.

அடுத்து அவள் முறை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பேட்டைத் தொடவில்லை. சொல்லலாம். பாப்பா, இன்னிக்கு ஏழெட்டுக் காலடி கூட ஓடணும். பேச்சை மீறியதாகவும் ஆகாது.

வேலியோரம் அக்கா நின்றாள். சொன்னால் அவளுக்கும் கேட்கும். ஏன் கூட என்பாள். நேற்றுவரை எவ்வளவு என்பாள்.

அண்ணன் செருமினான். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். நிமிர்ந்தபோது பேட் பாப்பாவின் கையில் இருந்தது.

டக் என்று அடி விழுந்தது. பந்து எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. பாப்பா ஓடினாள். முதுகில் நாலாம் நம்பர் சற்று நேரம் தெரிந்தது. அப்புறம் வெறும் நீலம், அப்புறம் அதுவும் இல்லை. குரல் மட்டும் வந்தது.

“இருபத்தெட்டு. இருபத்தொம்போது. முப்பது.”

நின்றுவிட்டது.

ரேடியோ கூட ஓய்ந்தான்.

“என்னாச்சு? நின்னுட்டாளா?” என்றாள் அக்கா. அவள் குரலில் ஜெயித்த தொனி இல்லை. பயம்தான் இருந்தது.

“பாய் இல்லை” என்றது பனிக்குள்ளிருந்து பாப்பாவின் குரல். அழவில்லை. கடையில் மூட்டையைப் பிரித்து, வளையம் குறைகிறது என்று சொல்வாளே, அதே குரல்.

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அண்ணி அவனையே பார்த்தாள். இந்த வீட்டில் நாற்பத்தெட்டு தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

பிறகு பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நகர்ந்தது. முதலில் தரையோடு கிடந்தது. மெல்ல எழும்பி நெஞ்சு உயரத்துக்கு வந்தது; அப்படியே மிதந்து இந்தப் பக்கமாக வந்தது. தொப் என்று சத்தம். அதன் மேல் ஒரு கால் மிதிக்கும் சத்தம்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு...”

“பேஸைத் தூக்கிட்டு வந்து போட்டுட்டாம்மா!” என்றாள் எக்ஸ்பிரஸ். ஹாரனை வேறு அடித்தாள்.

பேக்கரிக்காரம்மா அம்பயரைப் பார்த்தாள். “சார், அப்படிச் செய்யலாமா?”

அம்பயர் பையிலிருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, பனியில் கண்ணைச் சுருக்கி, முன்னும் பின்னும் புரட்டினார். “செய்யலாம்னும் எழுதலை, கூடாதுன்னும் எழுதலை. முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டிருக்கேன்மா. போர்டு எங்கே வேணா இருக்கட்டும். ஜனங்க நிக்கற இடம்தான் ஸ்டாப்பு.” புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது மூலையிலும் முப்பதில் குரல் நின்றது. ஆரஞ்சு நிறம் இந்தத் தடவை வெகு தூரத்திலிருந்து, மூலைவாட்டில், மூட்டம் கலைந்து கலைந்து கூடுகிற இடத்தின் வழியாக வந்தது. அவசரமே இல்லை. கனவில் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல எல்லோரும் நின்றார்கள். எதிரணிக்காரர் ஒருவர் மூன்றாவது பாயைத் தானே தூக்கிக் கொடுக்கப் போனார் போலிருக்கிறது. “வேண்டாம். நானே” என்று கேட்டது. தொப்.

கடைசிப் பக்கம்.

ஹோம் பிளேட்டை யாராலும் நகர்த்த முடியாது, தரையோடு பதித்தது. அண்ணனின் உதடுகள் அவளோடு சேர்ந்து எண்ணின. இருபது. பனிக்குள் ஒரு நீலக் கறை. இருபத்தைந்து. முகம் சிவந்து, ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்து, பாப்பா. இருபத்தொன்பது.

“முப்பது” என்று சொல்லி, வலது காலை ஹோம் பிளேட்டின் நட்டநடுவில் வைத்தாள். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரைத்துணியின் ஓரத்தை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைப்பாளே, அப்படி.

ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினான்.

அக்கா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனிடம் கையை நீட்டினாள். “சுத்தி வந்துட்டா. யாரும் கையைப் பிடிக்கலை. பேச்சு பேச்சுதான். பெட்டியைக் காலியாவே எடுத்துட்டுப் போறேன்.”

அண்ணன் அந்தக் கையைப் பிடித்தான். ஜெயித்தவன் பிடிக்கிற மாதிரி இல்லை.

பனி விலகியது அப்போதுதான். முதலில் வேலி வந்தது, பிறகு புல். வெள்ளைச் சுண்ணாம்பில் பேக்கரிக்காரம்மா போட்டு வைத்த குறிகள் மூன்றும் தூரத்தில் தெரிந்தன. அவற்றுக்கு வெகு உள்ளே தள்ளி ஆரஞ்சுப் பாய்கள். ஒவ்வொரு பாயின் ஓரத்திலும் புல் வழுக்கையாகத் தேய்ந்து கிடந்தது. ஒரு நாளில் வந்த தேய்மானம் இல்லை அது.

மாத்திரை எண்ணிப் பழகிய கண் அக்காவுடையது. குறியைப் பார்த்தாள், வழுக்கையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

பாப்பா பேக்கரிக்காரம்மாவிடம் போய் நின்றாள். “பாயை நகர்த்தினது யாரு?”

“நான்தாம்மா. அறுபதடி இருக்கணும்ல?”

“அறுபதா?”

“ஆமா. எல்லா ஊர்லயும் அறுபதுதான்.”

“டேப் குடுங்க.”

மஞ்சள் டேப்பின் ஒரு நுனியை ஹோம் பிளேட்டில் வைத்து, மேலே ரேடியோவை நிற்க வைத்துவிட்டு, பாப்பா இழுத்துக்கொண்டே போனாள். பாயில் குனிந்து படித்தாள். எழுந்து குறிவரைக்கும் போய்த் திரும்பப் படித்தாள். டேப்பைச் சுற்றிக்கொண்டே அண்ணனிடம் வந்தாள்.

“நாப்பத்தெட்டு. பன்னெண்டு குறையுது. ஒரு பாக்கெட் முழுசா குறையுதுண்ணா.”

“பாப்பா... அன்னிக்கு நீ அழுதியே, அதான்...”

“அப்பா நாலு விரல் கூடக் குடுப்பாரு.” அவள் கையை நீட்டி நாலு விரலையும் காட்டினாள். “நீ குறைச்சுட்ட.”

“தப்புதான். நாளைக்கே அறுபதா மாத்திடறேன்.”

“அறுபது ஓடுவேனா நான்?”

“ஓடுவ. கண்டிப்பா ஓடுவ.”

“அப்ப ஏன் குறைச்ச?”

துணிக்கடைக் கல்லாவில் எத்தனையோ பேரை வாயடைத்து அனுப்பியவன் அண்ணன். இந்தக் கேள்வியை எந்த வாடிக்கையாளரும் அவனிடம் கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பினார்கள். பாப்பா பின் சீட்டில் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் காலையில் அவள் போட்ட நாலு கோடுகள் வெயிலில் லேசாகத் தெரிந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தன் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். கூடத்துக் காலிப் பெட்டியை எடுக்கப் போனவள் நின்றாள். அது திறந்து கிடந்தது. உள்ளே ஒரே ஒரு பொருள்: நாலாம் நம்பர் நீலச் சட்டை, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தது.

பக்கத்தில் தரையில் பாப்பா, கடை டேப்போடு. தன் கட்டிலிலிருந்து கதவுவரை அளந்து ஒரு சீட்டில் எழுதியிருந்தாள். கதவிலிருந்து குளியலறை. அங்கிருந்து கூடம்.

“அக்கா, உங்க வீட்டுல கட்டில்லேர்ந்து கதவுக்கு எவ்ளோ?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

“பேச்சு முடிஞ்சுபோச்சு பாப்பா. நீ இங்கதான் இருக்கப் போற. நானும் அண்ணனும்...”

“அது நீங்க ரெண்டு பேரும் பேசினது” என்றாள் பாப்பா. “எவ்ளோ?”

“ஒரு... பத்தடி இருக்கும்.”

“இருக்கும்னா?”

“அளந்து பாத்ததில்லை.”

“அளந்து சொல்லுங்க. குறைக்காம.”

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாளா வேறு எதையாவதா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

அக்கா போனை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தாள். “என்னங்க, நம்ம பொண்ணு ரூம்ல கட்டில்லேர்ந்து கதவு எவ்ளோ தூரம்னு டேப் வெச்சு அளந்துட்டுக் கூப்பிடுங்க. ஏன்னு கேக்காதீங்க. இஞ்சுகூட விடாம.”

போனைப் பெட்டியின் மூடி மேல் வைத்தாள்.

வெயில் ஜன்னல் திரையின் வழியாக வடிந்து, தரையில் கிடந்த டேப்பின் மேல் விழுந்தது. காற்றில் திரை லேசாக உப்பியது, தளர்ந்தது. கூடத்தில் நாலு பேர். ஒருவரும் உட்காரவில்லை.

“பாப்பா” என்று மெல்லக் கூப்பிட்டான் அண்ணன். “போயிடுவியா?”

அவள் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தாள். “அளவு வரட்டும்ணா.”

போன் அடித்தது.

அக்கா எடுக்கவில்லை. அண்ணனும் கை நீட்டவில்லை. பாப்பா சீட்டில் ஒரு வெற்றிடம் விட்டு, பென்சிலை அதன் மேல் வைத்துக்கொண்டு, மணி அடிப்பதை எண்ணத் தொடங்கினாள்.